சின்னக்கானலுக்கு ஒரு பயணத் திட்டம்

தில்லியில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. தந்தையின் சொந்த ஊர் சின்னக்கானல். அது கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மலையூர். தேயிலைத் தோட்டங்களில் பணிபுரியத் தமிழ்நாட்டிலிருந்து சென்றோரின் வழித்தோன்றல்கள் பலர் அப்பகுதியில் வாழ்கின்றனர். தந்தையின் தாயும் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்தாம். பிள்ளைகள் அவரை அப்பத்தா என்று அழைப்பர்.

2025ஆம் ஆண்டுக் கோடை விடுமுறைக்கு அப்பத்தாவைக் காணச் செல்வதென முடிவாயிற்று. பிள்ளைகள் மூவர். மூத்த மகளுக்கு வயது பதினான்கு, மகனுக்குப் பத்து, கடைக்குட்டிக்கு நான்கு. ஓர் இரவு அனைவரும் கூடி அமர்ந்தனர். தந்தை ஒரு தாளை எடுத்து, "ஒவ்வொருவரும் ஒரே ஒரு விருப்பத்தைக் கூறுங்கள்" என்றார்.

"கொழுக்குமலையில் கதிரவன் எழுவதைக் காண வேண்டும்" என்றாள் மூத்தவள். "குறிஞ்சிப் பூவைக் காண வேண்டும்" என்றான் மகன். "அப்பத்தா வீட்டுக் கோழிக்குஞ்சு!" என்றாள் கடைக்குட்டி. தந்தை மூன்றையும் எழுதிக்கொண்டார்.

பின்னர் ஒவ்வொன்றையும் ஆராய்ந்தனர். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவெங்கும் பூப்பது. மூணாற்றுப் பகுதியில் 2006இலும் 2018இலும் பூத்தது. இனி 2030இல்தான் பூக்கும். மகனின் முகம் வாடியது. "அப்போது தங்கைக்கு ஒன்பது வயதாகியிருக்கும். அவளும் உன்னோடு மலையில் நடப்பாள். அதை அடுத்த பயணத்திற்கு வைத்துக்கொள்வோம்" என்றார் தாய். அவன் சற்றுச் சிந்தித்து, "அப்படியானால் இம்முறை காட்டு யானை" என்றான்.

கொழுக்குமலை தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், 7,000 அடிக்கும் மேலான உயரத்தில் அமைந்த தேயிலைத் தோட்டம். ஆயினும் அங்குச் செல்லும் ஜீப்புகள் சின்னக்கானலை அடுத்த சூரியநெல்லியிலிருந்தே புறப்படுகின்றன. கதிரவன் எழுமுன் மலையுச்சியை அடைய, விடியலுக்கு வெகுமுன்பே கிளம்ப வேண்டும். பாதையோ கரடுமுரடானது. குளிரிலும் குலுக்கலிலும் நான்கு வயதுக் குழந்தையை அழைத்துச் செல்வது தகாது. "அவளுக்காக நான் விட்டுக்கொடுக்க வேண்டுமா?" என்று மூத்தவள் கேட்டாள். அவள் குரலில் வருத்தம் இருந்தது.

தந்தை அப்பத்தாவைத் தொலைபேசியில் அழைத்தார். யானையைப் பற்றி மகன் முதலில் கேட்டான்.

"ஆனையிறங்கல் அணையின் நீர்த்தேக்கத்திற்கு யானைகள் நீரருந்த வரும், கண்ணே. தொலைவில் நின்றுதான் பார்க்க வேண்டும். அரிசிக்கொம்பனை அறிவாயா? ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்ற யானை அது. 2023 ஏப்ரலில் வனத்துறையினர் அதை மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, இங்கிருந்து கொண்டுசென்றனர். மற்ற யானைகள் இங்கேதான் திரிகின்றன. நாம் இருப்பது அவை நடக்கும் வழி. பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும்" என்றார் அப்பத்தா. பிறகு, "யானைக் கூட்டம் நடப்பதைக் கவனித்திருக்கிறேன். குட்டி உடன் இருந்தால் பெரிய யானைகள் அதன் நடைக்கேற்பவே நடக்கும்" என்றார்.

அச்சொற்கள் திட்டத்திற்கு வழிகாட்டின. பொதுப் பயணம் கடைக்குட்டியின் நடைக்கேற்ப அமைய வேண்டும். ஆனால் மூத்தவர்களின் விருப்பத்திற்கும் தனியே நேரம் ஒதுக்க வேண்டும் என்று முடிவு செய்தனர்.

தென்மேற்குப் பருவமழை பொதுவாக ஜூன் தொடக்கத்தில் வரும். ஆதலால் மே மாதமே செல்வர். சென்னையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 2023 ஜூன் முதல் தொடர்வண்டி உண்டு. அதில் இரவு உறங்கியபடியே செல்லலாம். போடியிலிருந்து போடிமெட்டு செல்லும் மலைச்சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கடைக்குட்டிக்கு வாந்தி வராதிருக்க எளிய உணவு உண்டு, இடையிடையே நின்று செல்வர். முதல் நாள் முழுவதும் ஓய்வும் கோழிக்குஞ்சும். இரண்டாம் நாள் பகலில் ஆனையிறங்கல். மூன்றாம் நாள் விடியலில் தந்தையும் மூத்தவளும் கொழுக்குமலை செல்வர். அவ்வளவு சீக்கிரம் எழத் தன்னால் இயலாது என்று மகன் தானே விலகிக்கொண்டான். நான்காம் நாள் இரவிகுளம் தேசியப் பூங்காவில் அனைவரும் வரையாடுகளைக் காண்பர். குட்டி ஈனும் காலத்தில் மூடப்படும் அப்பூங்கா மே மாதத்தில் திறந்திருக்கும்.

தந்தை தாளை மடிக்க முற்பட்டார். மூத்தவள் அதை வாங்கிப் படித்தாள். "அப்பா, இதில் மூன்று விருப்பங்களே உள்ளன. அம்மாவிடம் நாம் கேட்கவே இல்லையே?"

அனைவரும் தாயை நோக்கினர். அவர் புன்னகைத்தார். "திருமணமான நாள்முதல் அவ்வூருக்குச் சென்றுவருகிறேன். ஒவ்வொரு முறையும் கைக்குழந்தை ஒன்று இருந்தது. கொழுக்குமலையை நான் கண்டதே இல்லை" என்றார்.

தந்தை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மூன்றாம் நாள் வரியில் தம் பெயரை அடித்துவிட்டுத் தாயின் பெயரை எழுதினார். "சிறுவயதில் நான் பலமுறை பார்த்த இடம் அது. அன்று காலை சிறியவர்களோடு வீட்டில் இருந்து, அப்பத்தாவிடம் பழங்கதை கேட்பேன். அதுவே என் விருப்பம்" என்றார்.

இப்போது தாளில் ஐவரின் விருப்பங்களும் இருந்தன.

சொற்பொருள் அறிவோம்
கொழுந்து – இளந்தளிர். இங்குத் தேயிலைத் தளிர்
வழித்தோன்றல் – பின்வந்த தலைமுறையினர்
வரையாடு – உயர்ந்த மலைப்பாறைகளில் வாழும் காட்டாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு
கொண்டை ஊசி வளைவு – மலைச்சாலையில் சட்டெனத் திரும்பும் வளைவு

சிந்தித்து விடையளிக்க
1. குறிஞ்சிப் பூவைக் காணும் விருப்பம் ஏன் அடுத்த பயணத்திற்கு வைக்கப்பட்டது?
2. பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்று அப்பத்தா கூறியது ஏன்?
3. மூத்த மகள் கேட்ட கேள்வி திட்டத்தை எவ்வாறு மாற்றியது?
4. உங்கள் குடும்பத்தினர் ஒவ்வொருவரிடமும் ஒரு விருப்பத்தைக் கேட்டறிந்து, நான்கு நாள் பயணத் திட்டம் ஒன்றை எழுதுக.