தூணைச் சுழற்றும் நான்காவது அச்சு

மாணவர்களே, திருக்கோவிலூருக்கு மேற்கே, தென்பெண்ணை ஆற்றங்கரையில் உள்ள ஊர் மணலூர்பேட்டை. தை மாத ஆற்றுத் திருவிழாவால் பலரும் அறிந்த ஊர். அதைச் சுற்றியுள்ள வட்டாரம் மரச் சிற்பத்துக்கும் பெயர் பெற்றது. கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்கு 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

உருண்டையான தூண் ஒன்றில் சிற்பி கொடி செதுக்குவதைக் கவனித்துப் பாருங்கள். உளி ஒரு பக்கத்தை முடித்ததும், இடது கையால் மரத்தைச் சற்றே உருட்டி விடுவார். எவ்வளவு உருட்ட வேண்டும் என்பது அவர் கண்ணுக்குத் தெரியும். கண் இல்லாத இயந்திரத்துக்கு அந்த உருட்டலைக் கற்றுக் கொடுப்பது எப்படி? அதுதான் இன்றைய பாடம்.

எண்களால் ஆணையிடப்படும் இயந்திரத்தை 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயக்கிக் காட்டினார்கள். அப்போது ஆணைகள் துளையிட்ட காகித நாடாவில் இருந்தன. இன்று மரப் பட்டறைகளில் காணும் சி.என்.சி. ரௌட்டர் அதன் வழிவந்ததே. அதில் சுழலும் வெட்டுக்கருவி நீளவாக்கில், அகலவாக்கில், மேலும் கீழுமாக என மூன்று வழிகளில் நகரும். இவற்றை எக்ஸ், ஒய், இசட் அச்சுகள் என்பர். கதவுப் பலகையில் பூ வேலை செய்ய இந்த மூன்றும் போதும். கட்டில் காலைச் சுற்றிச் சுருள் வெட்ட வேண்டுமானால் போதாது. மரத்தையே சுழற்றும் நான்காவது அச்சு வேண்டும். எக்ஸ் அச்சைச் சுற்றிச் சுழல்வதற்கு ஏ என்று பெயர்.

சுழற்றுவது ஸ்டெப்பர் மோட்டார். நம் வீட்டு மின்விசிறி போல் இது தொடர்ந்து ஓடாது. ஒரு மின்துடிப்பு வந்தால் ஒரு படி நகர்ந்து நின்றுவிடும். சாதாரண வகையில் ஒரு சுற்றுக்கு 200 படிகள், அதாவது ஒரு படிக்கு 1.8 பாகை. கட்டுப்பாட்டுப் பலகை துடிப்புகளை அனுப்பும். ட்ரைவர் என்ற சிறு பெட்டி அவற்றை மோட்டாரின் சுருள்களுக்கு வேண்டிய மின்னோட்டமாக மாற்றித் தரும். பலகையில் நான்காவது அச்சுக்கான முனைகள் இருந்தால் வேலை எளிது. துடிப்பு, திசை ஆகிய இரண்டு கம்பிகளையும் பொதுக் கம்பியையும் புதிய ட்ரைவருக்குக் கொண்டு செல்லலாம். மோட்டாரின் மீது எழுதியுள்ள ஆம்பியர் அளவுக்கு ஏற்ப ட்ரைவரின் சிறு சுவிட்சுகளை அமைக்க வேண்டும்.

மோட்டாரிலிருந்து நான்கு கம்பிகள் வரும். எந்த இரண்டு ஒரே சுருளைச் சேர்ந்தவை? நிறத்தை நம்பக் கூடாது. அது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். எதனுடனும் இணைக்காத மோட்டாரில் இரண்டு கம்பி முனைகளைச் சேர்த்துப் பிடித்து, தண்டை விரலால் திருகிப் பாருங்கள். ஒரே சுருளின் முனைகளானால் தண்டு இறுகும்; வேறு வேறு சுருளானால் இலேசாகச் சுழலும். காரணம், உள்ளேயுள்ள காந்தம் சுழலும்போது சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. சுற்று மூடியிருந்தால் அந்த மின்னோட்டம் தன்னைத் தோற்றுவித்த சுழற்சியையே எதிர்க்கும். நீங்கள் படித்த லென்ஸ் விதி உங்கள் விரலிலேயே தெரியும்!

இணைத்த பின் மரம் தவறான திசையில் சுழன்றால் பயப்பட வேண்டாம். ஒரு சுருளின் இரு முனைகளை மட்டும் இடம் மாற்றுங்கள். இரண்டு சுருள்களையும் மாற்றினால் பழைய திசையே திரும்ப வரும். ஏன் என்று யோசியுங்கள்.

ஆனால் ஒன்றில் மிகுந்த கவனம் தேவை. மின்சாரம் இருக்கும்போது மோட்டார்க் கம்பியைக் கழற்றவே கூடாது. சுருளில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று அறுந்தால் அதன் காந்தப் புலம் குலைந்து, உயர்ந்த மின்னழுத்தம் ஒன்று தோன்றும். ட்ரைவரின் டிரான்சிஸ்டர்கள் அதைத் தாங்கா. நானே ஒரு முறை அவசரத்தில் அப்படிப் பிடுங்கி, கருகிய வாடையோடு ஒரு ட்ரைவரை இழந்தேன். பெட்டிக்குள் 230 வோல்ட்டும் வருகிறது. ஆகவே பிளக்கைப் பிடுங்கி, மின்தேக்கிகள் வெறுமையாகும்வரை காத்திருந்து, விவரம் தெரிந்த பெரியவர் அருகில் இருக்கும்போதுதான் மூடியைத் திறக்க வேண்டும்.

கம்பி சரியாக அமைந்தும் சுருள் கோணலாக வருவதுண்டு. வெட்டுக்கருவி மோட்டாரின் கம்பி அருகில் ஓடினால் அதன் மின் இரைச்சல் பொய்த் துடிப்பாகிவிடும். துடிப்புக் கம்பிகளை அதிலிருந்து விலக்கி, உலோக வலை உறையிட்ட கம்பியாகப் போட்டு, அந்த உறையை ஒரு முனையில் மட்டும் நிலத்தோடு இணைப்பார்கள்.

இனி கணக்கு. இயந்திரத்துக்குத் தான் நகர்வதும் தெரியாது, சுழல்வதும் தெரியாது. துடிப்புகளை எண்ணத்தான் தெரியும். ட்ரைவர் ஒவ்வொரு படியையும் 8 நுண்படிகளாகப் பிரித்தால் மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 1600 துடிப்புகள். 5 மில்லிமீட்டர் புரியுள்ள திருகு மரையைச் சுற்றும் அச்சில் இது மில்லிமீட்டருக்கு 320 துடிப்புகள். ஆனால் ஏ அச்சை பாகையில் அளக்க வேண்டும். மோட்டார் 6 சுற்று சுற்றினால் மரம் 1 சுற்று சுற்றும்படி பற்சக்கரம் இருந்தால், மரத்தின் ஒரு சுற்றுக்கு 9600 துடிப்புகள். 360ஆல் வகுத்தால் பாகைக்கு 26.6666… என்று முடிவில்லாமல் போகும்.

இதை 26.67 என்று பதிவு செய்தால் என்ன குடி முழுகிவிடும்? ஒரு சுற்றுக்கு 1.2 துடிப்பு கூடும். ஒன்றும் தெரியாது. ஆனால் 20 சுற்றுள்ள சுருளில் 24 துடிப்புகள், அதாவது 0.9 பாகை கூடிவிடும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள தூணின் பரப்பில் இது ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் விலகல். சுருளின் முடிவில் ஓர் இதழ் செதுக்க வேண்டியிருந்தால் அது கண்ணுக்கே தெரியும். உளி பிடித்த சிற்பியின் கண்ணுக்கு நிச்சயம் தெரியும். 26.666667 என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. அல்லது வகுத்தால் முழு எண் வரும்படி பற்சக்கரத்தையே தேர்ந்தெடுக்கலாம்.

உங்களுக்கு ஒரு கணக்கு: மோட்டாருக்கு அதே 1600 துடிப்புகள். பாகைக்கு மீதியில்லாத முழு எண் கிடைக்க, 6க்குப் பதிலாக இருக்க வேண்டிய மிகச் சிறிய முழு எண் விகிதம் எது?