சிறு கருவியோடு உரையாடும் முறை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு ஏறும் பாதையிலே எழுபது கொண்டையூசி வளைவுகள் உள. அம்மலைமேல் மிளகு உலர்த்தும் களமொன்றில், காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து வானலை வழியே அறிவிக்கும் சிறு கருவியொன்றை நிறுவுவதாகக் கொள்வோம். அது பேசாதொழியின், குறையறிய அவ்வெழுபது வளைவுகளையும் மீண்டும் ஏறல் வேண்டும். பொய்யளவு கூறினாலோ கேடு பெரிது. ஈரக்காற்றை உலர்காற்றென நம்பி மூடாது விட்ட மிளகு பூசணம் பிடிக்கும். ஆதலின் அதனோடு பேசும் முறையை மலையேறு முன்னரே கற்றல் நலம்.

இத்தகைய கருவிக்குத் திரையுமில்லை, விசைப்பலகையுமில்லை. எனினும் அதனுள் வேலைகளைப் பகிர்ந்து நடத்தும் இயங்குதளம் உண்டு. அவற்றுள் ஒன்று ரயட் என்பது. ஜெர்மனி, பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர் தொடங்கி 2013-ஆம் ஆண்டு முதல் யாவர்க்கும் இலவசமாய் வழங்கிவருவது. சில ஆயிரம் பைட் நினைவகத்திலும் இயங்கவல்லது. அதனோடு நாம் பேசும் வாயில் 'ஷெல்' எனப்படும். அதனுட் புகும் முறை வருமாறு:

முதலாவது, கருவியை யு.எஸ்.பி. வடத்தாற் கணினியோடு இணைத்து, முனையச் செயலியின் வேகத்தை வினாடிக்கு 1,15,200 பிட் என வைக்க. பெரும்பாலான பலகைகளுக்கு இதுவே பொருந்தும். எழுத்துகள் சிதைந்து தோன்றின், வேகம் ஒவ்வவில்லை என்று அறிக.

இரண்டாவது, ஆங்கில எழுத்தில் 'ஹெல்ப்' எனத் தட்டுக. கருவி தான் அறிந்த கட்டளைகளை நிரலாகக் காட்டும். நினைவகத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு வேண்டியவற்றை மட்டுமே சேர்ப்பராதலின், ஒன்றிலுள்ள கட்டளை பிறிதொன்றில் இராமற் போகலாம்.

மூன்றாவது, 'பி.எஸ்.' எனக் கேட்க. உள்ளே நிகழும் வேலைகளும், ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கிய நினைவக இடமும் தெரியவரும். ஒதுக்கிய இடத்தை மீறும் வேலை அயலதன் இடத்தைக் கெடுத்துக் கருவியையே நிறுத்திவிடும்.

நான்காவது, 'சால்' என்னும் கட்டளையால் அளவிகளின் பட்டியலைப் பெற்று, ஒவ்வொன்றையும் படிக்க. ஈர அளவியின்மேல் மெல்ல ஊதுக. எண் ஏறாவிடின் அதனை நம்பற்க.

ஐந்தாவது, 'இஃப்கான்ஃபிக்' என்பதால் வலையிணைப்பை நோக்குக. லோரா வானொலியாயின், அதன் அலைவரிசை இந்தியாவில் உரிமமின்றி வழங்கத்தக்க 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான எல்லைக்குள் இருத்தல் வேண்டும். ஐரோப்பாவுக்கென 868.1-இல் அமைத்தது இங்கு ஆகாது.

இவ்வைந்தும் பெரும்பாலும் வினவுதலே என்பதை நோக்குக. அமைப்பை மாற்றும் கட்டளைகள் இவற்றின் பின்னரே வரற்பாலன. நாடி பாராது மருந்தீயும் வைத்தியனை எவரும் நாடார். கருவியை முன்னர் வினவி, பின்னரே ஏவுக; அங்ஙனம் சோதித்துக் கொண்டுசென்ற கருவியின் சொல்லை நம்பியே மலையுழவர் தம் விளைபொருளை வெயிலில் விரிப்பர்.