தாது கழுவும் ஆலை: சேற்றிலிருந்து தொடங்குங்கள்

இரும்புத் தாது கழுவும் ஆலையை வடிவமைக்கும் வேலை கைக்கு வந்ததும் இளம் பொறியாளர்கள் அநேகமாக ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். மணிக்கு எத்தனை டன் என்று கேட்கிறார்கள். அதற்கேற்ற கிரஷரையும் ஸ்கிரீனையும் தேடுகிறார்கள். தாளின் இடது ஓரத்திலிருந்து வலப்பக்கமாக வரைந்துகொண்டே போகிறார்கள். கடைசியில் மூலையில் மிஞ்சிய இடத்தில் ஒரு வட்டம் போட்டு ‘திக்னர்’ (சேற்றைப் படியவைத்து நீரைத் தெளியவைக்கும் தொட்டி) என்று எழுதி, அதிலிருந்து ஒரு கோடு இழுத்து ‘சேற்றுக் குளம்’ என்று முடித்துவிடுகிறார்கள். என் முதல் ஆலையை நானும் அப்படித்தான் வரைந்தேன். அந்த வட்டத்திலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும் என்பது இரண்டு மழைக்காலம் போன பிறகு விளங்கியது.

அது ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டத்தில், ஜோடா–பர்பில் பகுதியில் இருந்த ஓர் ஆலை. எங்களுக்குக் கிடைத்த தாது மாதிரி கோடையில் எடுத்தது. அப்போது வெட்டிக்கொண்டிருந்த ஒரே பெஞ்சிலிருந்து வந்த கெட்டியான நல்ல கல். ஆலை ஓடத் தொடங்கிய ஆண்டில் சுரங்கம் மலையின் மறுபக்கம் நகர்ந்துவிட்டது. அங்கே லேட்டரைட் கலந்த, களிமண் அப்பிய தாது. ஜூலை மழையில் டம்பர் கொட்டியதைப் பார்த்தால் கல் எது, மண் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. நாங்கள் கணக்கிட்டதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சேறு வந்தது. திக்னர் திணறியது. தெளிந்து வழிய வேண்டிய நீர் செக்கச்செவேலென்று வழிந்தது. அதே நீர்தான் மறுபடி ஸ்பிரே குழாய்க்குப் போகிறது. குழாய் வாய்கள் அடைத்தன. கல் கழுவப்படாமலே வெளியேறியது. மிஞ்சிய செந்நீர் ஓடையில் இறங்கியது. ஒருநாள் காலை கீழே இருந்த கிராமத்துப் பெண்கள் அந்த ஓடை நீரை ஒரு குடத்தில் கொண்டுவந்து ஆலை வாசலில் வைத்துவிட்டு நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அந்தக் குடத்தில் இருந்தது என் கணக்குப் பிழை.

அதனால்தான் முதலில் சேற்றைப் பற்றிப் பேசுகிறேன்.

நம் நாட்டு ஹெமடைட் தாதுவில் இரும்புக்குக் குறைவில்லை. சுத்தமான ஹெமடைட்டில் ஏறக்குறைய 70 சதவீதம் இரும்பு. தொல்லை கொடுப்பது அலுமினா. அது கூடினால் ஊதுலையில் கசடு கெட்டியாகி ஓடாமல் நிற்கும், கோக் கூடுதலாகச் செலவாகும். இந்த அலுமினாவில் பெரும்பகுதி களிமண்ணோடு ஒட்டி வருகிறது. ஆகவே கழுவினால் போகும். ஆனால் லேட்டரைட் துணுக்கின் உள்ளேயே கலந்திருக்கும் அலுமினா எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் போகாது. உங்கள் தாதுவில் எது எவ்வளவு என்று தெரியாமல் ‘கழுவினால் சரியாகும்’ என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். தாதுவை உருட்டிக் கழுவி, ஈரச் சல்லடையில் அளவு அளவாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் இரும்பு, சிலிகா, அலுமினா, எரித்தால் குறையும் எடை ஆகிய நான்கையும் பாருங்கள். எரித்தால் எடை அதிகமாகக் குறையும் பங்கில் நீர் கட்டிய கனிமங்கள் இருக்கின்றன. லேட்டரைட் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மாதிரி எடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். பிரெஞ்சுக்காரரான பியர் ஜி வகுத்த மாதிரிக் கோட்பாட்டின்படி, பெரிய கல்லின் குறுக்களவு இரண்டு மடங்கானால் மாதிரியின் எடை எட்டு மடங்காக வேண்டும். 40 மில்லிமீட்டர் கல் உள்ள குவியலிலிருந்து ஒரு சிமென்ட் சாக்கில் அள்ளி வந்தால் அது எதற்கும் சாட்சி சொல்லாது. சுரங்க ஜியாலஜிஸ்ட்டிடம் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “சார், மூணாவது வருஷம் எங்கே வெட்டுவீங்க?” கெட்டித் தாது, பிஸ்கட் போல உடையும் தாது, லேட்டரைட், பவுடராக இருக்கும் பிளூ டஸ்ட் என்று வகைக்கொரு மாதிரி வாங்குங்கள். பிளூ டஸ்ட் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. அது இரும்பு மிகுந்த நல்ல சரக்கு; மாவு போல இருப்பதால் கழுவும் ஆலைக்குள் விட்டால் சேற்றோடு போய்விடும். அதைத் தனியே எடுத்து உலர்வாகவே அனுப்பிவிடுவது நல்லது.

இனி கணக்கு. ஆண்டுக்கு 30 லட்சம் டன் என்று நிர்வாகம் சொன்னால் அதை 8,760 மணியால் வகுக்காதீர்கள். 342 டன் என்று வரும். அதை நம்பி வாங்கும் எந்திரம் முதல் ஆண்டே கையை விரிக்கும். மழை, பழுது, லைனர் மாற்றம், டம்பர் வராத ஷிஃப்ட் எல்லாம் போக 6,000 மணி நேரம் ஓடும் என்று வைத்தால் மணிக்கு 500 டன். அதுதான் உங்கள் எண்.

இந்த 500 டன்னில் 100 டன் சேறாகப் போகிறது என்று வையுங்கள். உள்ளே வருவதில் இரும்பு 60 சதவீதம், சேற்றில் 50 சதவீதம் என்றால் கழுவிய சரக்கு 62.5 சதவீதமாக ஏறும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உள்ளே வந்த இரும்பு 300 டன், சேற்றோடு போனது 50 டன். ஆறில் ஒரு பங்கு இரும்பு குளத்தில் கிடக்கிறது. இந்தியச் சுரங்கப் பணியகம் ஹெமடைட்டுக்கு வைத்திருக்கும் கீழ் எல்லை 45 சதவீதம். அதற்கு மேல் இரும்பு உள்ள சேற்றைக் கழிவு என்று கைகழுவ முடியாது. ஆகவே அந்த இரும்பை மீட்கச் சைக்ளோனும் தேவைப்பட்டால் காந்தப் பிரிப்பானும் வைக்க இப்போதே இடம் விடுங்கள். பணம் பிறகு வரட்டும்.

தண்ணீர்க் கணக்கு இதைவிட முக்கியம். அதே ஆலையில் கழுவிய சரக்கில் லம்ப் (பெரிய கல்) 150 டன், ஃபைன்ஸ் (பொடி) 250 டன் என்று கொள்வோம். 4 சதவீத ஈரத்தோடு போகும் லம்ப் சுமார் 6 டன் நீரைக் கொண்டுபோகும். 10 சதவீத ஈரத்தோடு போகும் ஃபைன்ஸ் சுமார் 28 டன். திக்னர் அடியிலிருந்து சேறு பாதிக்குப் பாதி கெட்டியாக வெளியேறினால் அதனோடு 100 டன் நீர் போகிறது. ஆலை இழக்கும் நீரில் முக்கால் பங்கு அந்த ஒரே குழாயில்! அதைப் பாதியிலிருந்து 60 சதவீதக் கெட்டிக்கு உயர்த்தினால் மணிக்கு 33 கன மீட்டர் மிச்சம். 6,000 மணி நேரத்தில் 20 கோடி லிட்டர். மார்ச், ஏப்ரலில் ஓடை வற்றிக் கிடக்கும்போது இந்த எண் என்ன பேசும் என்று சுரங்கத்தில் ஒரு கோடையைக் கழித்தவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கெட்டியை முடிவு செய்யும் சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு லிட்டர் கண்ணாடி அளவு ஜாடி போதும். சேற்று நீரை ஊற்றி, கலக்கி, மேசையில் வைத்துப் பாருங்கள். 0.1 மில்லிமீட்டர் மணல் ஒரு மீட்டர் ஆழம் இறங்க இரண்டு நிமிடம் போதும். 0.01 மில்லிமீட்டர் துகளுக்கு மூன்று மணி நேரம். 0.002 மில்லிமீட்டர் களிமண்ணுக்கு மூன்று நாள். குறுக்களவு பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிறது. திக்னர் திணறுவதன் ரகசியம் இவ்வளவுதான். இப்போது துகள்களைத் திரட்டும் ஃப்ளாக்குலன்ட்டின் நீர்த்த கரைசலில் சில துளி விட்டு, ஜாடியைக் குலுக்காமல் மெல்லத் தலைகீழாக்கி நிமிர்த்துங்கள். எலுமிச்சை பிழிந்த பால் போலத் திரிதிரியாகத் திரளும். தெளிவுக்கும் சேற்றுக்கும் நடுவே ஒரு கோடு இறங்கும். 30 விநாடிக்கு ஒருமுறை அந்தக் கோட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். திக்னரின் விட்டம் அந்த வரைபடத்திலிருந்துதான் பிறக்கிறது. குழாய்த் தண்ணீரில் செய்யாதீர்கள். சுரங்கத்தில் புழங்கப்போகும் நீரிலேயே செய்யுங்கள். உங்களிடம் உள்ளதிலேயே மோசமான களிமண் தாதுவுக்கும் செய்யுங்கள். ஆலையின் அளவு அந்த மோசமான நாளுக்குத்தான்.

எந்திரங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவற்றை விற்பவர்களே விரிவாகச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவதைக் கேளுங்கள். ஸ்கிரப்பரில் தாது எத்தனை நிமிடம் தங்கும்? களிமண் உருண்டை கரைய நேரம் வேண்டும். டிரம்மின் டன் கணக்கை மட்டும் பார்த்து வாங்கினால் உருண்டை உருண்டையாகவே வெளியே வரும். ஸ்கிரீன் மேல் தாதுப் படுகை தடிமனாக இருந்தால் அடியில் இருக்கும் கல்லுக்கு ஸ்பிரே எட்டாது. சைக்ளோன் சரியாக ஓடுகிறதா என்பதை அடி வாயைப் பார்த்தே சொல்லலாம். சேறு குடை போல விரிந்து விழுந்தால் நலம். கயிறு போல முறுக்கி விழுந்தால் அடியில் நெரிசல், நல்ல தாது மேல் வழியாக ஓடுகிறது. இதை எனக்குக் காட்டியவர் ஷிஃப்ட் ஆபரேட்டர் ஒருவர். “மீட்டரை அப்புறம் பாருங்க சார், முதல்ல குடையைப் பாருங்க” என்று இந்தியில் சொன்னார். பதினைந்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த கண் அது.

வரைபடம் முடிந்ததும் அதன்மேல் விரல் வைத்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இந்த நொடியில் கரன்ட் போனால் ஒவ்வொரு குழாயிலும் இருக்கும் சேறு எங்கே போய் விழும்? மழைக்காலத்தில் மின்சாரம் போகத்தான் செய்யும். குழாய்ச் சேறு இறங்கும் அளவுக்கு சம்ப் (சேகரிப்புத் தொட்டி) பெரிதாக இருக்கிறதா? நிரம்பி வழிந்தால் தரை எந்தப் பக்கம் சரிகிறது? திக்னரின் அடிச் சேற்றைத் தள்ளும் ரேக்கின் மோட்டார் ஜெனரேட்டரில் இருக்கிறதா? ரேக் நின்று சேறு இறுகிவிட்டால், உள்ளே ஆளிறங்கி வெட்டி எடுக்க வேண்டிய நிலை வரும். எந்தத் தொழிலாளியையும் அந்த நிலைக்குத் தள்ளக் கூடாது. லைனர் மாற்ற கிரேன் எந்த வழியாக வரும் என்பதையும் அதே அமர்வில் பார்த்துவிடுங்கள்.

குளத்துக்கு வருவோம். மணிக்கு 100 டன் என்றால் ஆண்டுக்கு 6 லட்சம் டன் சேறு. பத்து ஆண்டில் 60 லட்சம் டன். பிரேசிலில் 2015 நவம்பர் 5 அன்று மரியானா அருகே ஒரு சேற்று அணை உடைந்து 19 பேர் இறந்தார்கள். 2019 ஜனவரி 25 அன்று புருமாடினோவில் இன்னொன்று. பகல் உணவு வேளை. சுரங்கத்தின் உணவுக்கூடமே அணைக்குக் கீழே இருந்தது. 270 பேர் இறந்தார்கள். இரண்டுமே இரும்புத் தாதுச் சேறு. நாம் ஒரு கோடு இழுத்து மூலையில் முடிக்கிறோமே, அதே சேறுதான். பழைய சேற்றின் மேலேயே கரையை உயர்த்திக்கொண்டு போகும் முறை மலிவானது; அதற்கு நீங்கள் கையெழுத்துப் போடக் கூடாது. சேற்றை அழுத்திப் பிழிந்து உலர்வாக அடுக்கும் ஃபில்டர் பிரஸ்ஸின் விலையைக் கேட்டு நிர்வாகம் முகம் சுளித்தால், அணையின் விலை, நிலத்தின் விலை, 20 கோடி லிட்டரின் விலை மூன்றையும் சேர்த்து எழுதிக் காட்டுங்கள். குளத்துக்குக் கீழே ஒரு கிலோமீட்டருக்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்பதை நடந்து போய்ப் பாருங்கள். வரைபடத்தில் குடிசைகள் தெரியாது.

இந்தத் தொழிலுக்கு வர விரும்புகிறவர்களுக்கு: கிண்டி பொறியியல் கல்லூரியின் மைனிங், சேலம் அரசுப் பொறியியல் கல்லூரியின் மெட்டலர்ஜி, தன்பாத் ஐ.ஐ.டி.யின் மினரல் அண்ட் மெட்டலர்ஜிகல் எஞ்சினியரிங் ஆகியவை நேர் வழிகள். கெமிக்கல், மெக்கானிக்கல் படித்தவர்களும் தாராளமாக வரலாம். சேறு ஓடும் குழாயைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு அதிக நாள் ஆகாது. தரமணியில் உள்ள தேசிய உலோகவியல் ஆய்வகத்தின் சென்னை மையம், புவனேஸ்வரத்தில் உள்ள கனிமங்கள், பொருட்கள் தொழில்நுட்ப நிறுவனம் (ஐ.எம்.எம்.டி.), நாக்பூரில் உள்ள இந்தியச் சுரங்கப் பணியகத்தின் ஆய்வகம் போன்ற இடங்களில் பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள். சாஃப்ட்வேர் பிறகு கற்றுக்கொள்ளலாம்; முதல் ஆறு மாதம் தாதுக் கணக்கையும் தண்ணீர்க் கணக்கையும் தாளில், கையால் போடுங்கள். நேர்முகத் தேர்வில் நான் கேட்பதும் அதைத்தான். வேலை கிடைத்ததும் வடிவமைப்பு அலுவலகத்தின் ஏ.சி. அறையைக் கொஞ்சம் தள்ளிவைத்து, ஆலை ஓடத் தொடங்கும் இடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதுவும் ஜூனுக்கு முன்னால். ஊர் மொழியில் பத்து வார்த்தையாவது கற்றுக்கொண்டு போனால் ஆபரேட்டர்கள் உங்களிடம் பேசுவார்கள்.

அங்கே போனதும் முதல் மழை இரவில் திக்னர் மேல் நடைபாதையில் நில்லுங்கள். மணிக்கு ஒருமுறை வழிநீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, நேரம் எழுதி ஒட்டி, கட்டுப்பாட்டு அறையின் ஜன்னல் விளிம்பில் வரிசையாக வையுங்கள். விடிந்ததும் வெளிச்சத்தில் பாருங்கள். மூன்றாவது பாட்டிலில் நிறம் மாறியிருந்தால், இரவு ஒரு மணிக்கு எந்தப் பெஞ்சிலிருந்து டம்பர் வந்தது என்று போய்க் கேளுங்கள்.