கண்மணியின் மேல் ஒரு வண்ண வில்லை

கண்ணே, கண்மணியே என்று பிள்ளையைக் கொஞ்சாத தாய் நம் தோட்டங்களில் இல்லை. அந்தக் கண்மணியின் நிறத்தையே மாற்றிக் காட்டும் வண்ண லென்ஸ்கள் இப்பொழுது பாசார் மாலாமிலும் கைத்தொலைபேசி வழி நடக்கும் விற்பனையிலும் தாராளமாகக் கிடைக்கின்றன. தம் கண் தேன் நிறமாகவோ, சாம்பல் நிறமாகவோ, பச்சையாகவோ தோன்ற வேண்டுமென்று இளம் பெண்கள் விரும்புகின்றனர். ஆடவரிலும் சிலர் விரும்புகின்றனர். அழகு செய்துகொள்வதைக் குறை கூற நாம் இங்கு வரவில்லை. மணப்பெண்ணுக்கு மை தீட்டுவது நம் வழிவழி வழக்கமேயாகும். ஆயினும் மை இமையோரத்தில் நிற்பது. லென்ஸோ கண்ணின் மேலேயே அமர்வது. இந்த வேறுபாட்டை உணர்ந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் பணியின் பொருட்டு ஒரு தோட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். அங்கு ஒரு வீட்டில் இளம்பெண் ஒருத்தி சன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, ஒரு கண்ணைத் துணியால் பொத்திக்கொண்டு படுத்திருக்கக் கண்டோம். அக்காளின் திருமணத்திற்கென்று பாசார் மாலாமில் 20 வெள்ளிக்கு ஒரு சோடி பச்சை லென்ஸ் வாங்கியிருக்கிறாள். திருமணத்தன்று அவள் அணிந்தாள். மறுநாள் விருந்தில் சித்தப்பா மகள் அணிந்தாள். மூன்றாம் நாள் மீண்டும் இவளே அணிந்தாள். இடையில் அவற்றைக் குழாய் நீரில் கழுவி ஒரு சிறு கிண்ணத்தில் இட்டு வைத்திருக்கின்றனர். கண் சிவந்தபோது தூசு விழுந்தது என்று எண்ணினர். பாட்டியார் தாய்ப்பால் விடச் சொன்னார். அண்ணனுக்கு எப்பொழுதோ கொடுத்த சொட்டு மருந்து அலமாரியில் மிச்சமிருந்தது, அதனையும் விட்டனர். இவ்வாறு நான்கு நாட்கள் கழிந்தன. இதில் எத்தனை பிழைகள் உள்ளன என்று வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

கண்ணின் முன்புறத்தில், கைக்கடிகாரத்தின் கண்ணாடி போலத் தெளிவாக ஒரு படலம் நிற்கிறது. அதனை விழிப்படலம் என்போம். நடுப்பகுதியில் அதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளி தெளிவாக ஊடுருவாது. உடம்பின் மற்ற உறுப்புகளுக்குப் பிராணவாயுவை இரத்தம் கொண்டு செல்கிறது. விழிப்படலமோ தனக்கு வேண்டிய வாயுவைப் பெரும்பாலும் கண்ணீரின் வழியே வெளிக்காற்றிலிருந்து பெறுகிறது. சுருங்கச் சொன்னால் அது காற்றை உண்டு வாழும் தோல். அதன் மேல் ஒரு மூடியை வைத்தால், அந்த மூடி காற்றை விடுவதாகவும், அளவாகவும், தூய்மையாகவும் இருக்க வேண்டுமல்லவா?

பால்வெட்டும் கைக்கு இதனை விளக்குவது எளிது. பட்டையை மட்டும் சீவி, உள்மரத்தைத் தொடாமல் வெட்டுவதே வெட்டுக்காரரின் திறமை. கத்தி ஆழப் பாய்ந்துவிட்டால் அவ்விடத்தில் புதுப்பட்டை சீராக வளராது, முண்டும் முடிச்சுமாகிவிடும். விழிப்படலமும் அத்தகையதே. மேல்தோல் சிறிது கீறினால் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் ஆறிவிடும். கிருமி புகுந்து புண் ஆழச் சென்றால், ஆறிய பின்னும் வெண்மையான வடு நிற்கும். அந்த வடு கண்பாவைக்கு நேராக அமைந்துவிட்டால், அதன் வழியே ஒளி செல்லாது.

மென்மையான லென்ஸ் என்பது நீரை உறிஞ்சி வைத்திருக்கும் ஒருவகைப் பிளாஸ்டிக் ஆகும். செக்கோஸ்லோவாக்கியா நாட்டு அறிஞர் ஓட்டோ விக்டெர்லே 1961இல், பிள்ளைகள் விளையாடும் இணைப்புத் துண்டுகளைக் கொண்டு தம் வீட்டிலேயே ஒரு பொறி அமைத்து இத்தகைய லென்ஸை வார்த்தெடுத்தார். பார்வைக் குறையைத் தீர்க்கப் பிறந்த பொருள் அது. வண்ண லென்ஸில் சாயத்தைப் புள்ளி புள்ளியாக அச்சிட்டு, பாவைக்கு நேரே மட்டும் தெளிவான வட்டம் ஒன்றை விட்டு வைக்கின்றனர். நம்மவர் கண் பெரும்பாலும் கரும்பழுப்பு. மெல்லிய சாயம் அதன் மேல் தெரியாது. அடர்ந்த சாயமே நிறம் காட்டும். இங்கு ஒரு சிக்கல் உண்டு. இருளில் கண்பாவை விரிகிறது. லென்ஸிலுள்ள தெளிவான வட்டம் விரிவதில்லை. ஆகவே சாயத்தின் விளிம்பு பார்வைக்குள் வந்து, புகை படர்ந்தாற்போல் தோன்றும். விடியுமுன் நெற்றி விளக்குடன் நிரைக்குச் செல்வோரும், இரவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரும் இதனை மறத்தலாகாது.

தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம். நிறத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். அளவை நீங்கள் தேர்ந்தெடுக்க இயலாது. சப்பாத்தைப் போல் லென்ஸுக்கும் அளவு உண்டு. பெட்டியின் மேல் 8.6 என்றும் 14.2 என்றும் எண்கள் இருக்கக் காணலாம். முன்னது வளைவின் அளவு, பின்னது குறுக்களவு, இரண்டும் மில்லிமீட்டரில். இறுக்கமான லென்ஸ் விழியைப் பற்றிக்கொண்டு, கண்ணீர் ஓட இடம் தராது. தளர்ந்தது நழுவி நழுவி உராயும். பார்வைக் குறை இல்லாதவர் அணியும், ஆற்றல் சுழியான லென்ஸுக்கும் இது பொருந்தும். “எனக்குப் பவர் வேண்டாம், நிறம் மட்டும் போதும், பரிசோதனை எதற்கு?” என்று கேட்போர் பலர். நிறம் மட்டும் தனியாகக் கண்ணில் அமர்வதில்லையே!

நம் மலேசியாவில் 1991ஆம் ஆண்டின் ஆப்டிகல் சட்டப்படி, காண்டாக்ட் லென்ஸைப் பொருத்திக் கொடுக்கும் உரிமை அதற்கெனப் பதிவும் தகுதியும் பெற்றவர்க்கே உண்டு. பாசார் மாலாமில் வளையலோடு சேர்த்து விற்பவருக்கு அந்த உரிமை இல்லை. கடைக்குச் சென்றால் பதிவுச் சான்றிதழைக் காட்டுமாறு கேளுங்கள். இதில் கூச்சம் வேண்டாம். அவர் கண்ணை அளந்து, கண் வறட்சி, ஒவ்வாமை முதலியவை உண்டா என்று பார்த்து, அணியவும் கழற்றவும் பழக்கித் தருவார். பெட்டி முத்திரை உடையாததாகவும், காலாவதி நாள் கடவாததாகவும் இருக்க வேண்டும். ஒரு திருமணத்திற்கோ தீபாவளிக்கோ மட்டும் அணிபவர், ஒரே நாள் அணிந்து எறிந்துவிடும் வகையை வாங்குவதே மேல் என்பது எம் கருத்து. விலை சற்றுக் கூடுதலே. ஆயினும் அதற்குக் கழுவும் நீரும் வேண்டாம், வைக்கும் பெட்டியும் வேண்டாம். அழுக்குச் சேர வழியும் குறைவு.

அணியுமுன் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நூல் உதிராத துணியால் ஈரமின்றித் துடைக்க வேண்டும். லென்ஸை விரல் நுனியில் ஏந்திப் பாருங்கள். கிண்ணம் போல் நின்றால் சரி, விளிம்பு தட்டு போல் விரிந்தால் உட்புறம் வெளிப்புறமாகியுள்ளது. முகப்பூச்சுக்கும் மைக்கும் முன்னரே அணிந்துவிட வேண்டும். கழற்றிய பின்னரே அவற்றைக் கலைக்க வேண்டும். மணவறையில் ஓமப் புகை கண்ணில் பட்டால் கசக்குதல் கூடாது. உறங்குமுன் கட்டாயம் கழற்ற வேண்டும். பகல் தூக்கத்திற்கும் இது பொருந்தும். மூடிய இமைக்குள் காற்று ஏற்கெனவே குறைவு. அக்காளாயினும் தங்கையாயினும் ஒருவர் லென்ஸை மற்றவர் அணியலாகாது.

எல்லாவற்றிலும் பெரிது தண்ணீரைப் பற்றிய செய்தி. குடிக்கத் தகுந்த நீர் லென்ஸுக்கும் தகுந்தது என்று எண்ணுவது இயல்பு. குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் ஆற்று நீரிலும் அக்காந்தமீபா என்னும் நுண்ணுயிர் வாழக்கூடும். வயிற்றுக்குள் சென்றால் அதனால் தீங்கில்லை. லென்ஸுக்கும் விழிக்கும் இடையே சிக்கிக்கொண்டால் விழிப்படலத்தையே அது உண்ணத் தொடங்கும். மருத்துவம் மாதக்கணக்கில் நீளும். ஆகவே லென்ஸ் எந்த நீரையும் தொடலாகாது, எச்சிலையும்தான். குளிக்குமுன் கழற்றிவிட வேண்டும். திரும்ப அணியும் வகையாயின், அதற்குரிய லென்ஸ் நீரையே ஊற்றி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக் கழுவி, புதிய நீரில் ஊற வைக்க வேண்டும். பழைய நீரின் மேல் புதியதை ஊற்றுவது கூடாது. பெட்டியை அதே நீரால் அலசிக் கவிழ்த்து உலர்த்துங்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை மாற்றுங்கள். அண்டை நாடான சிங்கப்பூரில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் லென்ஸ் அணிந்தோர் 66 பேருக்கு ஃபியூசேரியம் என்னும் பூஞ்சையால் விழிப்புண் கண்டது. ஒருவகை லென்ஸ் நீரோடு அதற்குத் தொடர்பு தெரியவந்து, 2006இல் அந்நீர் உலகச் சந்தையிலிருந்தே மீட்கப்பட்டது. அத்தகைய பூஞ்சை நம் ஈர வெப்பத்தில் மண்ணிலும் செடியிலும் இயல்பாக வாழ்வது.

வேலைக்கு லென்ஸ் அணிந்து செல்லவே வேண்டாம். பாலில் கலக்கும் அமோனியாவும், பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலமும் தெறித்தால் லென்ஸின் அடியில் தங்கிக் கண்ணைச் சுடும். தப்பித்தவறி அவ்வாறு தெறித்துவிட்டால், அப்பொழுது மட்டும் தண்ணீர் விலக்கன்று. அதுவே முதல் மருந்து. ஒரு நொடியும் தாமதியாமல் ஏராளமான நீரால் கண்ணை அலசிக்கொண்டே லென்ஸைக் கழற்றி, நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கண் சிவத்தல், வலி, வெளிச்சம் பட்டால் கூசுதல், ஓயாது நீர் வடிதல், பார்வை மங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் லென்ஸை உடனே கழற்ற வேண்டும். கழற்றியும் குறையாவிட்டால் அன்றைக்கே மருத்துவரைக் காண வேண்டும். நாளை என்பது கூடாது. சிலவகைக் கிருமிகள் ஓரிரு நாட்களிலேயே விழிப்படலத்தைத் துளைத்துவிடும். துணியால் கட்டி மூடுதல் கிருமிக்கு வெதுவெதுப்பான வீடு கட்டிக் கொடுப்பதற்கு ஒப்பாகும். அலமாரியில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்குமாயின், சிவப்பு குறைந்தது போலத் தோன்றும். உள்ளே புண் வளரும். தாய்ப்பால் பிள்ளைக்கு உணவு. புண்பட்ட கண்ணுக்கு அது மருந்தன்று.

அந்த இளம்பெண்ணை அன்று மாலையே மாவட்ட மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். மருத்துவர் முதலில் கேட்டது லென்ஸையும் அது கிடந்த பாத்திரத்தையுமே. புண்ணுக்குக் காரணமான கிருமி எதுவென்று அவற்றிலிருந்து அறியக்கூடும். லென்ஸைப் பாட்டியார் கோபத்தில் குப்பையில் எறிந்துவிட்டார். கிண்ணம் மட்டும் கழுவப்படாமல் சன்னலோரத்தில் இருந்தது. தகப்பனார் அதனை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தார். முதல் சில நாட்கள் இரவு பகலாக மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டார்கள். மூன்று வாரம் கழித்து அவள் வீடு திரும்பினாள். வடு பாவைக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டதால் படிக்கும் பார்வை தப்பியது. இரவில் எதிரே வாகனம் வந்தால் மட்டும் அந்தக் கண்ணில் விளக்கொளி சிதறித் தெரிகிறதாம். மோட்டார் சைக்கிளில் இப்பொழுது பின்னால்தான் அமர்ந்து வருகிறாள்.