சாளக்கிராம யாத்திரை: துணிவும் விவேகமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவ காலங்களில் பாகவதர்கள் கூடுமிடத்தில், வடநாட்டுத் திவ்யதேசங்களுக்குச் சென்று வந்தவர்களைச் சூழ்ந்து மற்றவர்கள் வழி விசாரிப்பதை எங்கும் காணலாம். அத்திவ்யதேசங்களுள் அடைவதற்கு மிக அரியவற்றுள் ஒன்று நேபாள நாட்டிலுள்ள சாளக்கிராமம். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய இத்தலத்தைப் பெரும்பாலோர் இன்று முக்திநாத்தில் ஸேவிக்கின்றனர். அங்கே செல்வது பற்றிப் பேசும்போது, "உயிரைப் பொருட்படுத்தாமல் போனால்தான் பலன்" என்பர் சிலர். "எல்லாம் பெருமாள் பார்த்துக்கொள்வார்" என்பர் வேறு சிலர். ஆபத்தே புண்ணியமாகுமா? அவன்மேல் பாரத்தை வைத்தவன் முன்னேற்பாட்டைக் கைவிடலாமா? இவ்விரு வினாக்களையும் இங்கே சிறிது ஆராய்வோம்.

வழியின் இயல்பு

முக்திநாத் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்குச் செல்லும் வழி காளி கண்டகி ஆற்றின் பள்ளத்தாக்கு. ஒருபுறம் 8,167 மீட்டர் உயரமுள்ள தௌலகிரி, மறுபுறம் 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணா. இவ்விரண்டுக்கும் நடுவே ஆறு ஓடுகிறது. நண்பகலை நெருங்கும்போது பள்ளத்தாக்கில் எழும் காற்று, மணலையும் பொடிக்கல்லையும் வாரி வீசும். இவ்வாற்றில்தான் சாளக்கிராம மூர்த்திகள் கிடைக்கின்றன. அவற்றுள் காணும் சக்கர வடிவங்கள், சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த கடலில் வாழ்ந்த உயிர்களின் சுவடுகள் என்று நிலவியலார் கூறுவர். கடலடி மலைமுடியான இடம் அது.

பொருள் தேடிச் சென்றவர்கள்

இந்த வழி யாத்திரிகர்களுக்கு மட்டும் உரியதன்று. திபெத்தின் உப்பேரிகளில் எடுத்த உப்பைக் கவரிமாடுகள் மீதும் ஆடுகள் மீதும் ஏற்றி, வணிகர்கள் இவ்வழியே கீழே கொணர்ந்தனர். கீழ்நாட்டுத் தானியத்தை மேலே கொண்டுசென்றனர். துகுச்சே என்னும் ஊரிலிருந்த தகாலி வணிகர்கள் இவ்வாணிகத்தால் பெருஞ்செல்வம் ஈட்டினர். 1959க்குப் பின் திபெத்தில் நேர்ந்த மாறுதல்களாலும், இந்தியாவின் கடலுப்பு எளிதில் கிடைக்கலானதாலும் அவ்வாணிகம் தேய்ந்தது. அவர்கள் துணிவுடையோர், எனினும் பனியின் காலத்தையும் காற்றின் நேரத்தையும் அறிந்தே அடியெடுத்து வைத்தனர். உப்புக்காகச் செல்பவன் கொண்ட கவனத்தை முக்திக்காகச் செல்பவன் கொள்ளாதிருப்பது முறையாகுமா?

பொருளன்றி ஞானம் தேடி வந்தோரும் உளர். ஏகாய் கவகுச்சி என்னும் ஜப்பானிய பௌத்தத் துறவி, தம் சமய நூல்களைத் தேடி 1897இல் நாட்டை விட்டுப் புறப்பட்டார். டார்ஜிலிங்கில் தங்கித் திபெத்திய மொழி பயின்றார். பின்னர் இப்பள்ளத்தாக்கின் வடபகுதியிலும் பல மாதங்கள் தங்கினார். அதன் பின்னரே 1900இல் திபெத்தினுள் நுழைந்து, 1901இல் லாஸா நகரை அடைந்தார். சமயம் வேறாயினும், இப்பொறுமை நாமும் கற்கத்தக்கது.

ஆழ்வார் காட்டிய நெறி

நம் ஆழ்வார்கள் வழியின் கடுமையை மறைத்தவர்கள் அல்லர். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியின் தொடக்கத்தில் திருப்பிரிதி, வதரி, சாளக்கிராமம், நைமிசாரணியம், சிங்கவேள்குன்றம் என்று வரிசையாகப் பாடுகிறார். சிங்கவேள்குன்றமாகிய அஹோபிலத்தைப் பாடும்போது காட்டுத் தீயையும், வழிப்போக்கரை வருத்தும் வேடரையும், தெய்வங்களுக்கே அன்றிப் பிறர்க்குச் செல்ல அரிதாயிருக்கும் நிலையையும் எடுத்துரைக்கிறார். வதரியைப் பாடும்போது, கோல் ஊன்றித் தள்ளாடும் முதுமை வந்து சேருமுன் சென்று தொழுமாறு பாட்டுக்குப் பாட்டு அறிவுறுத்துகிறார். உடல் தளர்ந்த பின் உயிரைப் பணயம் வைத்துச் செல்வதே சிறப்பு என்று அவர் கூறவில்லை. வலிமை உள்ளபோதே செல்க என்பதே அவர் திருவுள்ளம்.

விரைவினால் வரும் கேடு

முற்காலத்தில் போக்ராவிலிருந்து பல நாள் நடந்தே முக்திநாத்தை அடைந்தனர். அந்த நடையே ஒரு காப்பாயிருந்தது. நாளுக்குச் சிறிதாக உயரம் ஏறியதால் உடல் மெலிந்த காற்றுக்குப் பழகிற்று. இன்று சாலையும் விமானமும் வந்துவிட்டன. சுமார் 800 மீட்டர் உயரத்திலுள்ள போக்ராவிலிருந்து ஒரே நாளில் 3,700 மீட்டருக்குச் சென்றுவிட முடிகிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. கால்களின் உழைப்பு குறைந்தது. இதயத்திற்கும் நுரையீரலுக்கும் நேரும் சோதனை கூடிற்று.

வானிலையும் அவ்வாறே. 2014 அக்டோபரில் வங்கக் கடலில் எழுந்து விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹுத்ஹுத் புயல், இரண்டு நாட்களில் இமயத்தை எட்டிப் பெரும் பனிப்புயலாயிற்று. முக்திநாத்துக்கு மேலுள்ள தோரோங் கணவாயிலும் சுற்றுப்புற மலைகளிலும் 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். போக்ரா - ஜோம்சோம் வான்வழியில் 2016இல் ஒரு சிறு விமானம் விழுந்து 23 பேரும், 2022இல் மற்றொன்று விழுந்து 22 பேரும் உயிரிழந்தனர். அச்சுறுத்துவதற்காக இவற்றைக் கூறவில்லை. மலை எவர் பக்தியையும் கேட்டறிந்து வழிவிடுவதில்லை என்பதை உணர்த்தவே கூறுகிறோம்.

சரணாகதியும் எச்சரிக்கையும்

"ரக்ஷிப்பான் என்னும் விச்வாஸம் இருக்க, எச்சரிக்கை எதற்கு?" எனலாம். மஹாவிச்வாஸம் என்பது அவன் ரக்ஷகத்வத்தில் ஐயமின்மை. அவனைச் சோதித்துப் பார்ப்பது அன்று. இச்சரீரம் கைங்கர்யத்திற்கென அவன் அளித்த கருவி. அதைப் பேணாது விடுவது, ஸ்வாமியின் சொத்தை அடியவன் பாழாக்குவதாகும். சக்கரவர்த்தித் திருமகன் வனம் புறப்பட்டபோது, கோஸலை மங்களம் கூறியதோடு நில்லாமல் மூலிகை ரக்ஷையும் கட்டியனுப்பினாள் என்று வால்மீகி பகவான் கூறுகிறார். அவனுக்கே ரக்ஷை வேண்டுமென்று தாயுள்ளம் எண்ணிற்று; நமக்கு வேண்டாமென்பது எங்ஙனம்?

யாத்திரிகர் கொள்ள வேண்டியவை

இதய நோய், மூச்சு நோய், இரத்த அழுத்தம் உடையோர் மருத்துவரைக் கலந்த பின்னரே பயணத்தை உறுதி செய்க. சுமார் 2,700 மீட்டர் உயரத்திலுள்ள ஜோம்சோமிலோ அதன் அருகிலுள்ள ஊர்களிலோ ஓரிரு இரவு தங்கி, பின்னர் மேலே ஏறுக. ஸேவை முடிந்ததும் இரவு தங்குவதற்குக் கீழே இறங்கிவிடுதல் நன்று. தலைவலி, குமட்டல், மயக்கம் இவை தோன்றினால், ஸேவை தவறிவிடுமே என்று மறைக்காமல் உடன் வந்தோரிடம் சொல்லுக. மேலே ஏறாது நிற்க. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், நடை தள்ளாடினாலும், பேச்சு குழறினாலும் அப்போதே கீழே இறக்குவதே முதல் சிகிச்சை. காற்றும் மேகமும் தடுத்தால் விமானம் புறப்படாது; ஆகவே இரண்டு நாட்களைக் கூடுதலாக வைத்துக்கொள்க. மழைக்காலத்தில் மண்சரிவு மிகுதி. 108 தாரைகளின் நீர் பனிபோல் குளிர்ந்தது; முதியோர் சிரஸில் ப்ரோக்ஷித்துக் கொள்ளலாம். இயலாதார்க்கு மந்த்ர ஸ்நானத்தையும் மானஸ ஸ்நானத்தையும் சாஸ்த்ரமே விதித்துள்ளது.

செல்ல இயலாதவர்க்கு

உடல்நிலையாலோ பொருள்நிலையாலோ செல்ல இயலாதவர் ஏங்க வேண்டுவதில்லை. பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் ஓர் உவமை காட்டுகிறார். தாகமெடுத்தவனுக்கு அந்தர்யாமி நிலை பூமிக்கடியிலுள்ள நீர் போன்றது. விபவம் பெருகிச் சென்றுவிட்ட ஆறு போன்றது. அர்ச்சாவதாரமோ அவ்வாறு விட்டுச் சென்ற மடுக்களில் தேங்கிய நீர் போன்றது. எட்டாதவர்க்கு எட்டவே அவன் அர்ச்சையாய் நின்றான். நாம் இன்று வலம் வரும் திருக்கோயிலில் எழுந்தருளியிருப்பவனும் அவனே.

மேலும் ஒன்று நினைக்கத்தக்கது. ப்ரதிஷ்டை வேண்டாமலே அவன் ஸாந்நித்யம் நிறைந்தது சாளக்கிராமம். அந்தக் கடுங்குளிர் ஆற்றிலிருந்து மலையும் காடும் கடந்து, தென்னாட்டு இல்லங்களில் சிறு பேழைக்குள் அமர்ந்து, துளசியும் தீர்த்தமும் கொண்டு திருவாராதனம் கண்டருளுகிறான். நாம் செல்வதற்கு முன்பே அவன் நம்மைத் தேடி வந்திருக்கிறான். வலிமையுள்ளோர் விவேகத்தோடு சென்று ஸேவித்து நலமுடன் திரும்புக. இயலாதோர் இருந்த இடத்திலேயே ஸேவித்து உய்க.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.