அயல்நாட்டுப் பயணத்திற்கு ஆயத்தமாவோம்

வெளிநாட்டுச் சுற்றுலா என்றவுடன் நம்முள் பலருக்கும் விமானமும் புதிய உடைகளும் புகைப்படங்களுமே நினைவுக்கு வருகின்றன. எங்களுக்கும் அப்படித்தான் வந்தன. எங்கள் குடும்பத்தில் பாட்டி, அப்பா, அம்மா, தம்பி உள்பட ஐவர். ஒருவரும் இதுவரை கடல் கடந்ததில்லை. வரும் கோடை விடுமுறையில் இத்தாலி செல்வதென்று முடிவானதும் ஆளுக்கொரு பட்டியல் எழுதினோம். பட்டியல்களைச் சேர்த்தபோது உரோமை, நேப்பிள்ஸ், ஓர்த்தோனா, பிளாரன்ஸ், பீசா, மிலான், வெனிஸ் என ஏழு ஊர்கள் தேறின. கையில் இருந்ததோ பத்து இரவுகள்.

தோழியரே, வரைபடத்தில் ஊர்கள் அடுத்தடுத்து இருப்பது போலத் தோன்றும். உரோமையிலிருந்து பிளாரன்சுக்கு விரைவு இரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தோடு கணக்கு முடிவதில்லை. காலையில் பெட்டிகளைக் கட்ட வேண்டும். அறையைக் காலி செய்ய வேண்டும். நிலையத்திற்குச் சென்று நடைமேடையைத் தேட வேண்டும். புதிய ஊரில் இறங்கி விடுதியைக் கண்டுபிடித்தாலும் பிற்பகலுக்கு முன் அறை தர மாட்டார்கள். ஆகவே ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாள் போய்விடும் என்று வைத்துக்கொண்டோம். ஏழு ஊர்களில் தங்கினால் ஆறு முறை மாற வேண்டும். பத்து நாட்களில் மூன்று முழு நாட்கள் பெட்டி தூக்குவதிலேயே கழிந்துவிடும்! இந்தக் கணக்கைத் தம்பிதான் முதலில் போட்டான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்போதும் நாங்கள் எதையும் விடத் தயாராக இல்லை. பட்டியலைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினோம். பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் போய் வாருங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டுமே, நான் இருக்கிறேன்" என்றார். பாட்டிக்கு முழங்கால் வலி உண்டு. ஆனால் காரணம் அது மட்டுமன்று. ஏழு ஊர்களில் பதுவை இல்லை. மிலானிலிருந்து வெனிஸ் செல்லும் வழியில் இரயில் சன்னலில் மட்டும் அது வந்து போகும். அறுபது ஆண்டுகளாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியார் கோயிலுக்குச் செல்பவர் எங்கள் பாட்டி. கோடி அற்புதர் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் ஊரை நாங்கள் சன்னல் வழியாகக் காட்ட இருந்தோம்.

அன்றிரவு அப்பா பட்டியலைக் கிழித்துப் போட்டார். மறுபடியும் தொடங்கியபோது எங்கே போகலாம் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, நம்முள் மெதுவாக நடப்பவர் ஒரு நாளில் எவ்வளவு நடப்பார் என்று கேட்டோம். காலையில் இரண்டு மணி நேரம், ஓய்வுக்குப் பின் மாலையில் ஒரு மணி நேரம் என்று விடை கிடைத்தது. அதன் பிறகு ஊர்கள் தாமாகவே உதிர்ந்தன.

முதலில் மிலானும் பீசாவும் போயின, யாரும் வருந்தவில்லை. நேப்பிள்சுக்காகத் தம்பி ஒரு நாள் பேசாமல் இருந்தான். ஓர்த்தோனாவை விடுவதுதான் கடினமாக இருந்தது. புனித தோமையாரின் கல்லறை நம் சாந்தோமில் உள்ளது. அவருடைய திருப்பண்டங்களோ 1258 முதல் இத்தாலியின் கிழக்குக் கரையிலுள்ள ஓர்த்தோனாவில் இருக்கின்றன. சாந்தோமில் ஞானஸ்நானம் பெற்ற அப்பாவுக்கு இரண்டையும் தரிசிக்க வேண்டுமென்ற ஆசை. ஆனால் உரோமையிலிருந்து மலைத்தொடரைக் கடந்து அங்கே போய்த் திரும்ப ஒரு நாள் முழுதும் வேண்டும். அப்பாவே அந்தப் பெயரை அடித்தார். பாட்டியிடம் இதைச் சொல்ல வேண்டாமென்றும் கூறினார். (பாட்டி இவ்விதழைப் படிப்பார் என்பதை அப்பா மறந்துவிட்டார்.)

இப்போதைய திட்டத்தில் தங்கும் ஊர்கள் மூன்றே: உரோமையில் நான்கு இரவு, அசிசியில் இரண்டு, பதுவையில் நான்கு. உரோமையில் இறங்கி, வெனிஸ் விமான நிலையத்திலிருந்து திரும்புகிறோம். போன ஊருக்கே திரும்பி வந்து விமானம் ஏறும் ஒரு நாள் இதனால் மிச்சமாகிறது. இவ்வாறு வேறு வேறு ஊர்களைக் காட்டி ஒரே பயணச்சீட்டு வாங்கலாம் என்பது எங்களுக்குப் புதிய செய்தி.

உரோமையில் திங்கட்கிழமை இறங்குவதற்கும் காரணம் உண்டு. திருத்தந்தையின் பொது மறைக்கல்வி உரை புதன்கிழமை காலையில் நடைபெறுவது வழக்கம். அதற்கான அனுமதிச் சீட்டு இலவசம். புனித பேதுரு பேராலயத்திற்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும் என்பது நம் பள்ளி மாணவியருக்குப் புதிதன்று. கோபுரத்தின் உச்சிக்கு 551 படிகள். மின்தூக்கியில் சென்றாலும் அதற்கு மேல் முந்நூற்றுக்கும் அதிகமான படிகள் உண்டு. அந்த நேரத்தில் பாட்டியும் அம்மாவும் கீழே செபமாலை சொல்வார்கள். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு நீங்கலாக மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். இவற்றைப் பாராமல் நாள் குறித்தால் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்ப நேரிடும்.

அசிசி பிள்ளைகளாகிய எங்கள் விருப்பம். 1226-இல் இறந்த புனித பிரான்சிசின் கல்லறை அங்கே உள்ளது. 2025 செப்டம்பரில் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குத்திசும் அங்கேதான் துயில்கிறார். அவர் 2006-இல் இறந்தபோது வயது பதினைந்து, அதாவது பத்தாம் வகுப்பு வயது.

அசிசியிலிருந்து பதுவை செல்லப் பிளாரன்சில் வண்டி மாறுவோம். பெட்டிகளை நிலையத்தில் பாதுகாப்பாக வைத்துவிட்டு, 1436-இல் கட்டி முடிக்கப்பட்ட பேராலயக் குவிமாடத்தை வெளியிலிருந்தேனும் பார்ப்போம். அவ்வளவே பிளாரன்ஸ்.

வெனிசில் தங்காமல் பதுவையில் தங்குவது ஏன் என்று உறவினர் பலர் கேட்டனர். வெனிசில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிகள். பெட்டியோடும் முழங்கால் வலியோடும் அவற்றை ஏறி இறங்குவது எளிதன்று. பதுவையிலிருந்து இரயிலில் அரை மணி நேரத்தில் சென்று மாலையில் திரும்பிவிடலாம். 2024 முதல் சில குறிப்பிட்ட நாட்களில், பெரும்பாலும் வார இறுதியில், பகலில் மட்டும் வந்து போவோரிடம் வெனிஸ் நகராட்சி கட்டணம் வாங்குகிறது. ஆதலால் புதன்கிழமையை வெனிசுக்கு வைத்தோம். செவ்வாய்க்கிழமை யாருக்கு உரியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி ஆவணங்கள். இத்தாலிக்குத் தேவையான செங்கன் விசாவைப் பயணத்திற்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை பதினைந்து நாள். அவ்வளவு தாமதிப்பது அறிவுடைமையாகாது. திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ; ஆறு வயது முதல் பன்னிரண்டு நிறையாத பிள்ளைகளுக்கு 45. பத்து வயதுத் தம்பியையும் சேர்த்து எங்கள் ஐவருக்கும் 405 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பி வராது. பல நாடுகளுக்குச் செல்வோர் அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் எங்களைத் திணறடித்தது பெயர்தான். நம்மவர் தலைப்பெழுத்தோடு நின்றுவிடுகிறோம். பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுத வேண்டும். பாட்டியின் பெயரிலேயே அந்தோணியார் இருக்கிறார். ஆனால் ஓர் ஆவணத்தில் "அந்தோணி", மற்றொன்றில் "ஆண்டனி"! இரண்டும் ஒருவரே என்று நிறுவுவதற்குள் ஆறு வாரங்கள் ஓடின. பயணச்சீட்டிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டுமாதலால், பாஸ்போர்ட் கைக்கு வரும் வரை சீட்டு வாங்கவில்லை. அதற்குள் விமானக் கட்டணம் ஏறிவிட்டது. எனவே தோழியரே, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் ஆவணங்களை இன்றே எடுத்துப் பாருங்கள்.

பாட்டி இப்போது மாலைதோறும் மொட்டைமாடியில் நடந்து பழகுகிறார். அக்கம்பக்கத்தார் பதுவையில் வைக்கச் சொல்லிக் கொடுத்த மன்றாட்டுச் சீட்டுகள் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் சேர்ந்து வருகின்றன. நேற்று எண்ணியபோது முப்பத்தொன்று இருந்தன. அவற்றுள் ஒன்று தம்பியின் கையெழுத்தில் இருந்தது; அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல மறுக்கிறான்.