நகையை விற்றுக் கடனை அடைக்கலாமா?

கேள்வி: கணவரின் பனியன் யூனிட் ஆர்டர் இல்லாமல் மூடப்பட்டுவிட்டது. நகைக்கடன், குழுக்கடன், பத்து வட்டிக் கடன் என மூன்றும் கழுத்தை நெரிக்கின்றன. அடகில் இருக்கும் நகையை விற்றுவிடலாமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: விற்கலாம் சகோதரி. பத்து வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 10 ரூபாய். ஆண்டுக்கு 120 சதவீதம். அதைக் கட்டிக்கொண்டே நகையைக் காப்பாற்ற முடியாது. ஒரு பகுதியை மீட்டு விற்றாவது அந்தக் கடனை முதலில் முடியுங்கள். முடிக்கும்போது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோநோட்டையும் காசோலையையும் கையோடு வாங்கிவிடுங்கள். மிரட்டினால் 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டப்படி போலீஸில் புகார் கொடுக்கலாம்.

குழுக்கடனுக்கு, கிளை மேலாளரைப் பார்த்துத் தவணையை நீட்டித் தரும்படி எழுதிக் கொடுங்கள். வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ அழைத்துத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பழைய தவணையைக் கட்டுவதற்காகப் புதுக் குழுவில் மட்டும் சேராதீர்கள்.

எந்தக் கடனை எப்படி அடைப்பது என்ற கணக்கை நீங்கள் தனியாகப் போட வேண்டாம். இன்றிரவே கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்து எழுதுங்கள்.